மாரியன்டாலில் ஆண்கள் ஏன் மெதுவாக நடந்தார்கள்?

"வேலை இல்லாதவனுக்கு என்ன கவலை? நாள் முழுக்க அவனுடையதுதானே" என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். நானும் சில மாதங்கள் வேலையின்றி வீட்டில் இருந்தவன். அந்த நாட்களில் ஒரு புத்தகத்தைக்கூட முழுதாகப் படித்து முடிக்கவில்லை. சோம்பேறித்தனம் என்றுதான் என்னையே திட்டிக்கொண்டேன், மாரியன்டாலைப் பற்றிப் படிக்கும் வரை.

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவுக்குத் தென்கிழக்கே, கிராமட்நொய்சீடல் என்ற ஊரில் 1830இல் வந்த துணி ஆலையைச் சுற்றி வளர்ந்த குடியிருப்பு அது. உலகப் பொருளாதார நெருக்கடியில் ஆலை மூடப்பட்டது. நான்கில் மூன்று குடும்பங்கள் உதவித்தொகையை நம்பியே நாளைக் கடத்தின. 1931இன் இறுதியில் மாரி யஹோடா, பால் லசார்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகிய சமூக ஆய்வாளர்களின் குழு அங்கே ஆய்வுக்குப் போனது. லசார்ஸ்ஃபெல்டுக்கு முதலில் இருந்த எண்ணம், தொழிலாளர்களின் ஓய்வு நேரத்தை ஆராய்வது! நாடே வேலையின்றித் தவிக்கும்போது ஓய்வு நேரமா என்று அவரைத் திசைதிருப்பியவர், சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஓட்டோ பவுவர்.

கையில் கடிகாரத்தோடு நின்று, தெருவில் போகிறவர்களின் நடையை அளந்தார்கள். ஆண்கள் நாலடி வைப்பதும் நிற்பதுமாக இருந்தார்கள். பெண்கள் விறுவிறுவென்று போனார்கள். ஆலை மூடினாலும் அடுப்படி மூடுமா? நூலகத்தில் சந்தாக் கட்டணத்தை நீக்கிய பிறகும் இரவல் போன புத்தகங்கள் இரண்டே ஆண்டில் பாதியாகக் குறைந்தன. நாளை எப்படிக் கழித்தீர்கள் என்று மணிவாரியாக எழுதித் தரச் சொன்ன தாளில், முற்பகல் நேரத்துக்கு நேரே ஒருவர் எழுதினார்: "அதற்குள் மதியமாகிவிடுகிறது." அந்த வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் தாளைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதே ஊரில் 2020 அக்டோபரில், நெடுநாள் வேலையற்ற எல்லோருக்கும் வேலை உறுதி என்று ஒரு திட்டம் தொடங்கியது. தச்சு வேலை, தோட்ட வேலை போன்றவை. கட்டாயம் கிடையாது, சம்பளம் உண்டு. உடன் சென்று ஆராய்ந்த ஆக்ஸ்ஃபோர்டு பொருளாதார அறிஞர்கள், நெடுநாள் வேலையின்மை அங்கே ஏறக்குறைய ஒழிந்ததையும் சேர்ந்தவர்களின் நாளுக்கு ஓர் ஒழுங்கு திரும்பியதையும் பதிவு செய்தார்கள்.

செலவு கட்டுப்படியாகுமா என்று கேட்பவர்களுக்கு: ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 30,000 யூரோ என்று கணக்கிட்டார்கள். அவரைச் சும்மா உட்கார வைத்தாலும் அரசுக்கு ஆகும் செலவு கிட்டத்தட்ட அவ்வளவேதான். அப்படியிருந்தும் திட்டத்தை 2024இல் முடித்துக்கொண்டார்கள்.