சிரித்து மழுப்பும் படமா ‘பெள்ளிநாடி பிரமாணாலு’?

‘பெள்ளிநாடி பிரமாணாலு’ (‘திருமண நாள் சத்தியங்கள்’) என்ற தெலுங்குப் படம் கணவனின் தவறைச் சிரித்து மழுப்பிவிடுகிறது என்று அப்படத்தைப் பற்றிய கட்டுரையில் கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. ‘மாயாபஜார்’ வெளியான மறு ஆண்டே, 1958இல், அதன் இயக்குநர் கே. வி. ரெட்டி அதே எழுத்தாளர் பிங்கலி நாகேந்திர ராவ், இசையமைப்பாளர் கண்டசாலா துணையுடன் எடுத்த இப்படத்தில், விரும்பி மணந்த மனைவி ஜமுனா வீட்டுவேலையிலும் குழந்தைகளிலும் மூழ்கிப்போக, கணவன் நாகேஸ்வர ராவின் மனம் அலுவலகத்தில் பணிபுரியும் ராஜசுலோசனாவின் பக்கம் சாய்கிறது. அவனை வில்லனாக்கியிருந்தால் அரங்கிலிருந்த ஆண்கள் தமக்குச் சம்பந்தமில்லை என்று நிம்மதியாக எழுந்து போயிருப்பார்கள். கேலிக்குரியவனாக்கியதால்தான் அவன் தவறு உறைக்கிறது. நிலவில் சூடு எப்படி வந்தது, வெம்மையில் குளிர்ச்சி எப்படி வந்தது என்று வியக்கும் ‘வென்னெலலோனே’ பாடலில் கணவன் மனைவி இருவரையும் பார்த்த பிறகு, பின்னால் வரும் அவனுடைய அலட்சியம் இன்னும் கசக்கிறது. பொறுப்பில் ஒரு பங்கை மனைவியின் தலையில் கட்டும் தொனி எனக்கும் உறுத்துகிறது என்பது வேறு. இதில் நடித்த எஸ். வி. ரங்காராவைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாததுதான் வியப்பு. தமிழில் இது 1959இல் ‘வாழ்க்கை ஒப்பந்தம்’ என்று வெளிவந்ததையும் குறிப்பிட்டிருக்கலாம்.