மோடம் மாத்துறதுக்கு முன்னாடி ஒயர பாருங்க
இன்டர்நெட் ஸ்பீடு வரலன்னா உடனே புது கேபிள் மோடம் (கேபிள் டிவி ஒயர் வழியா இன்டர்நெட் தர்ற பெட்டி) வாங்குங்கன்னு ஒரு கட்டுரையில போட்டிருக்கு, அத நம்பித்தான் நானும் போன வருஷம் டாக்சிஸ் 3.1 (கேபிள் இன்டர்நெட்டுக்கான புது தரம்) மோடம் வாங்கி மாட்டுனேன், 300 எம்பிபிஎஸ் (நொடிக்கு 300 மெகாபிட்) பிளான்ல டெஸ்ட் பண்ணா அப்பவும் அதே 94 தான், நகரவே இல்ல. கடைசில பாத்தா மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவுல போற பழைய லேன் ஒயர்ல கிளிப் உடைஞ்சு ஆடிட்டு இருக்கு, உள்ள எட்டு கம்பில ஒண்ணு தொடலன்னாலும் லிங்க் 100 எம்பிபிஎஸ்க்கு எறங்கிடலாமாம்!! ஒயர மாத்துனதும் 300 வந்துருச்சு. அப்புறம் 300 மெகாபிட்னா டவுன்லோடுல நொடிக்கு 37 மெகாபைட் தான் காட்டும், எட்டு பிட் சேந்தாதான் ஒரு பைட், அதனால எட்டால வகுக்கணும், அத வேற பாதி பேரு மோடம் மேல பழி போடுறாங்க. பழைய டாக்சிஸ் 3.0 மோடத்துல 16 டவுன்லோடு சேனல் (டேட்டா வர்ற தடம்) இருந்தா இந்த பிளானுக்கு அதுவே தாராளம்ங்க. 3.1 எல்லாம் ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) பிளான் எடுக்கறவங்களுக்கு.