கிளவுட் கேமிங்: பணம் கட்டப்போவது யார்?

விளையாட்டைத் தொலைவிலுள்ள நிறுவனத்தின் சர்வரில் ஓட்டி, காட்சியை மட்டும் இணையம் வழியே நம் திரைக்கு அனுப்புவதுதான் கிளவுட் கேமிங். விலை உயர்ந்த கணினியோ, கன்சோல் எனப்படும் விளையாட்டுக் கருவியோ இல்லாதவரும் பெரிய விளையாட்டுகளை ஆடலாம் என்பதுதான் கிளவுட் கேமிங் நிறுவனங்கள் தரும் வாக்குறுதி. அந்த வாக்குறுதி யாரை நோக்கிச் சொல்லப்படுகிறதோ அவர்களால் மாதந்தோறும் பணம் கட்ட முடியாது. கட்டக்கூடியவர்களுக்கோ அது பெரிதாகத் தேவைப்படுவதில்லை. இந்தத் தொழிலின் அடிப்படைச் சிக்கல் இதுவே என்று நான் கருதுகிறேன்.

பாலக்காட்டுக்கும் கோயம்புத்தூருக்கும் இடையே, தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பகுதியையே எடுத்துக்கொள்கிறேன். சோனியின் பிளேஸ்டேஷன் 5 கன்சோல் இந்தியாவில் 2021இல் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 49,990 ரூபாய். தென்னந்தோப்பு வேலைக்குப் போகிறவர் வீட்டில் அந்தத் தொகையை விளையாட்டுக்கென ஒதுக்க முடியாது என்பதால், கிளவுட் கேமிங் இந்தப் பிள்ளைகளுக்காகவே வந்தது போலத் தோன்றும். ஆனால் விநாடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் ஆடினால் 9 ஜிபி டேட்டா செலவாகும், நாளுக்கு 1.5 ஜிபி தரும் ரீசார்ஜ் பத்தே நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஃபைபர் இணைப்புள்ள வீடுகளில் இந்தத் தடை இல்லை என்றாலும், அங்கும் பிள்ளைகள் ஆடுவது காசில்லாமல் சாதாரணக் கைபேசியிலேயே ஓடும் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு போன்றவற்றைத்தான்.

லாபக் கணக்கு இதைவிடக் கடினமானது. ஒரு திரைப்படத்தை ஒருமுறை சர்வரில் ஏற்றிவிட்டால் அதே கோப்பை லட்சம் பேருக்கு அனுப்பலாம். விளையாட்டில், ஆடுபவரின் ஒவ்வொரு அசைவுக்கும் ஏற்ற காட்சியை அந்தக் கணமே உருவாக்க வேண்டியிருப்பதால், ஒவ்வொருவருக்கும் கிராஃபிக்ஸ் சிப்பின் ஒரு பங்கைத் தனியே ஒதுக்கியாக வேண்டும். பெரும்பாலோர் ஆட வருவது வேலையும் படிப்பும் முடிந்த இரவு நேரத்தில். அந்தக் கூட்டத்துக்காக வாங்கிவைத்த சர்வர்களில் பெரும்பகுதி பகலில் சும்மா கிடக்கும். அப்போது இரவாக இருக்கும் வேறொரு நாட்டுக்கு அவற்றைத் திருப்பிவிடவும் தொலைவு இடம் தராது. ஃபைபரில் 1,000 கிலோமீட்டரைக் கடக்க ஒளிக்கே 5 மில்லிவிநாடி ஆகும். விநாடிக்கு 60 காட்சிகள் ஓடும் விளையாட்டில் ஒரு காட்சிக்குக் கிடைப்பதோ 17 மில்லிவிநாடிக்கும் குறைவு.

2010இல் தொடங்கிய ஆன்லைவ் என்ற கிளவுட் கேமிங் சேவை, 2015இல் தன் காப்புரிமைகளைச் சோனியிடம் விற்றுவிட்டு மூடப்பட்டது. பெரும்பாலான புதிய விளையாட்டுகளை முழு விலைக்கு வாங்கச் சொன்ன கூகுளின் கிளவுட் கேமிங் சேவையான ஸ்டேடியா, 2019 நவம்பரில் வந்து 2023 ஜனவரியில் நின்றது. வாங்கியவர்களுக்குக் கூகுள் பணத்தைத் திருப்பித் தந்தது. பணம் கைவசமிருந்தும் கூகுளால் இதை நிலைநிறுத்த முடியவில்லை என்பதைத் தொழில்நுட்பத் தோல்வியாக நான் பார்க்கவில்லை. மைக்ரோசாஃப்ட் கிளவுட் கேமிங்கைத் தன் கேம் பாஸ் என்ற விளையாட்டுச் சந்தாவுக்குள் ஒரு வசதியாகச் சேர்த்தது. கிராஃபிக்ஸ் சிப் தயாரிக்கும் என்விடியாவுக்குச் சொந்தச் சிப் இருக்கிறது. அந்நிறுவனமே தன் கிளவுட் கேமிங் சேவையான ஜீஃபோர்ஸ் நவ்வின் சந்தாதாரர்களுக்கு மாதம் 100 மணி நேரம் என்று வரம்பு வைத்ததிலிருந்து, அதிகம் ஆடுபவரால்தான் செலவு கூடுகிறது என்று புரிந்துகொள்கிறேன்.

எங்கள் ஊர்களுக்கு மாதச் சந்தா ஒத்துவராது. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்துப் பழகிய மக்கள் நாங்கள். உள்ளூர் கேபிள், ஃபைபர் இணைப்புக்காரர்கள் வழியாக மணிநேர ரீசார்ஜாக இதை விற்கட்டும்; சர்வர்கள் சும்மா கிடக்கும் பகலுக்குக் கட்டணத்தைக் குறைக்கட்டும். விடுமுறைப் பகலில் ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டும் கல்லூரி மாணவர், எங்கள் பகுதியில் இந்த நிறுவனங்களுக்குக் கிடைக்கக்கூடிய உண்மையான வாடிக்கையாளர்.