சிவப்பாயிருந்தால் மட்டும் போதாது
"ஓட்டோ கியர் ஒயில் சிவப்பாயிருந்தால் எதை ஊற்றினாலும் ஒன்றுதான்" என்று, தானாகக் கியர் மாறும் வாகனங்களின் கியர் பெட்டிக்கு ஊற்றும் ஒயிலைப் பற்றி ஒருவர் எழுதியிருப்பது தவறு. சிவப்பு என்பது, ஒழுகும்போது எஞ்சின் ஒயிலிலிருந்து பிரித்தறிவதற்காகச் சேர்க்கப்படும் சாயமே தவிர, தரத்துக்கு அத்தாட்சியன்று. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இன்றும் ஓடும் டொயோட்டா கொரோலா 121 காரின் நான்கு கியர் ஓட்டோ பெட்டி டைப் டி-ஃபோர் என்ற டொயோட்டா ஒயில் வகைக்காக அமைக்கப்பட்டது. பின்னர் வந்த டபிள்யூ.எஸ். என்ற டொயோட்டா ஒயில் அதைவிட மெல்லியது என்பதால், புதியதுதானே என்று அதை இதற்குள் ஊற்றக் கூடாது. டெக்ஸ்ரன் 3 என்ற ஓட்டோ கியர் ஒயில் தரத்துக்கான உரிமம் வழங்குவதை, அதை வகுத்த அமெரிக்கக் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டர்ஸ் 2006 உடன் நிறுத்திவிட்டதால், இன்றைய போத்தல்களில் காணும் அந்தப் பெயர் தயாரிப்பாளரின் சொந்தக் கூற்று மட்டுமே (விலை மலிவுக்கு மயங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும்). படிப்படியான கியர்களின்றித் தொடர்ச்சியாக வேக விகிதம் மாறும் சீவிடி பெட்டிக்கு உரிய ஒயிலோ முற்றிலும் வேறு. பல டொயோட்டாக்களில் ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலேயே ஒயில் வகை பொறிக்கப்பட்டிருக்கும். கடைக்குப் போகுமுன் அதைத் துடைத்து வாசித்துக்கொள்ளுங்கள்.