கச்சான் எண்ணெய்க்கு ஒரே கணக்குப் போதாது

கச்சான் (நிலக்கடலை) எண்ணெய் பற்றிய உங்கள் கட்டுரை, அதில் ஒலெயிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் இத்தனை வீதம் என்று ஒரே எண்ணோடு முடித்துவிட்டது. எந்த இனம், எந்தப் போகம் என்று சொல்லாமல் அந்த எண்ணை வைத்து என்ன செய்வது? சாதாரண இனங்களில் அது பெரும்பாலும் 40 முதல் 50 வீதம். உயர் ஒலெயிக் இனங்களில் 80 வீதம் வரை போகும். அந்த எண்ணெய் சீக்கிரம் காறாது.

அப்புறம் வெயில். ஒலெயிக்கை லினோலெயிக் என்ற இன்னொரு கொழுப்பமிலமாக மாற்றும் நொதியம் குளிர்ச்சியில்தான் நன்றாக வேலை செய்யும். மட்டக்களப்பு வாகரைப் பக்கத்து மணலில், சிறுபோகத்துச் சுடுகாற்றில் பருப்பு முற்றினால் ஒலெயிக் கூடும். மாரிக் குளிர்ச்சியில் முற்றினால் லினோலெயிக் பக்கம் சாயும். சூரியகாந்தியிலும் இதே கதைதான்.

என் பெரிய கவலை வேறு. விலை நன்றாக இருக்கிறதென்று முற்றும் முன்பே பிடுங்கிவிடுகிறார்கள். கச்சான் கோதை உடைத்து அதன் உட்புறத்தைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் பிஞ்சு, கபில நிறம் படர்ந்திருந்தால் முற்றல். பிஞ்சுப் பருப்பில் எண்ணெயும் குறைவு, ஒலெயிக்கும் குறைவு. செக்கில் எவ்வளவு பக்குவமாக ஆட்டினாலும் அந்தக் குறை தீராது. தயவுசெய்து இனத்தையும் போகத்தையும் சேர்த்து அந்தப் பகுதியைத் திருத்திப் போடுங்கள்.