சிரிக்க வேண்டிய இடம்

(இரவுச் சாப்பாடு முடிந்துவிட்டது. கூடத்துத் தொலைக்காட்சியில் 'தி சிம்ப்சன்ஸ்' ஓடிக்கொண்டிருக்கிறது. மருமகனுக்கு அந்தக் கார்ட்டூன் தொடரின் மேல் தீராத பைத்தியம். மாமனார் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பேரனைப் பார்க்க வந்து இரண்டு நாள் தங்கியிருக்கிறார்.)

மாமனார்: கரும்பலகையில் இம்போசிஷன் எழுதுகிற இந்தப் பையன் யார், மாப்பிள்ளை?

மருமகன்: இவன்தான் பார்ட் சிம்ப்சன், மாமா. தொடக்கக் காட்சியில் இவன் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுதுவான். அந்த வாக்கியத்தை மட்டும் அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

மாமனார்: மணி அடித்ததும் பாதியில் விட்டுவிட்டு ஓடுகிறானே! என் வகுப்பாக இருந்திருந்தால் மறுநாள் இருநூறு முறை எழுதியிருப்பான். அது போகட்டும், அந்தக் கைக்குழந்தையைக் கடையில் பில் போடும் இயந்திரத்தில் ஓட்டி, 847 டாலர் 63 சென்ட் என்று விலை காட்டுகிறார்களே, அது என்ன கணக்கு?

மருமகன்: (வியப்புடன்) கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடுகிற எண் அது, மாமா! 1989-இல் இந்தத் தொடர் தொடங்கிய காலத்தில் அமெரிக்காவில் ஒரு குழந்தையை வளர்க்க மாதம் அவ்வளவு ஆகும் என்று ஒரு மதிப்பீடு இருந்ததாம். அதைத்தான் அங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

மாமனார்: அப்படியென்றால் ஆண்டுக்கு 10,171 டாலர் 56 சென்ட். பேரனின் எல்.கே.ஜி. கட்டணத்தை நீங்கள் நேற்றுச் சொன்னபோது எனக்கு வந்த மயக்கத்தோடு ஒப்பிட்டால், இந்தக் குழந்தை மலிவுதான்.

(பக்கத்து வீட்டு ஃப்ளாண்டர்ஸ் திரையில் தோன்றுகிறார். மருமகன் தனக்குள் சிரிக்கிறார்.)

மாமனார்: இந்த மனிதர் வணக்கம்தானே சொன்னார்? அதற்கு எதற்குச் சிரிப்பு?

மருமகன்: அவருடைய பெயரை நினைத்துச் சிரித்தேன், மாமா. தொடரை உருவாக்கிய மேட் குரோனிங் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் வளர்ந்தவர். பக்கத்து வீட்டுக்காரர் ஃப்ளாண்டர்ஸ், பாதிரியார் லவ்ஜாய், மேயர் குவிம்பி என்று இவர் பெயர் வைத்திருப்பதெல்லாம் அந்த ஊர்த் தெருக்களின் பெயர்கள். தம் சொந்த அப்பா, அம்மா, இரண்டு தங்கைகளின் பெயர்களையும் விட்டுவைக்காமல் இந்தச் சிம்ப்சன் குடும்பத்துக்கே சூட்டிவிட்டார்.

மாமனார்: நம் ஊரில் ஆளின் பெயரைத் தெருவுக்கு வைப்போம், இவர் தெருவின் பெயரை ஆளுக்கு வைத்திருக்கிறார்.

மருமகன்: அந்த லவ்ஜாய் தெருவுக்கே போர்ட்லாந்தை நிறுவியவர்களில் ஒருவருடைய பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், மாமா.

மாமனார்: ஆளிலிருந்து தெருவுக்குப் போய், தெருவிலிருந்து மறுபடியும் ஆளுக்கே திரும்பியிருக்கிறது. சரி, விடை கிடைத்துவிட்டது, சிரிப்பு எங்கே?

(மருமகன் பதில் சொல்லாமல், 1993-இல் வந்த 'ரோஸ்பட்' என்ற பகுதியைப் போடுகிறார். ஊரின் பெரும் பணக்காரரான கிழவர் பர்ன்ஸ், சிறு வயதில் தொலைத்த கரடி பொம்மைக்காக ஏங்குகிறார். மருமகன் விழுந்து விழுந்து சிரிக்கிறார்.)

மாமனார்: ஒரு முதியவர் பொம்மைக்காக ஏங்குகிறார், நீங்கள் இப்படிச் சிரிக்கிறீர்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

மருமகன்: இது 1941-இல் வந்த 'சிட்டிசன் கேன்' படத்தைக் கிண்டல் செய்கிற கதை, மாமா. அதில் கோடீஸ்வரர் ஒருவர் 'ரோஸ்பட்' என்று சொல்லிவிட்டு உயிரை விடுவார். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று படம் முழுக்க ஒரு பத்திரிகையாளர் தேடி அலைவார். கடைசியில் பார்த்தால் அது அந்தக் கோடீஸ்வரர் சிறு வயதில் பனியில் விளையாடிய சறுக்குவண்டியின் பெயர். இங்கே சறுக்குவண்டி இருந்த இடத்தில் போபோ என்ற கரடி பொம்மை.

மாமனார்: ஆக, இந்த ஒரு சிரிப்புக்கு இரண்டு மணி நேரப் படத்தை முன்பணமாகக் கட்ட வேண்டும். கட்டலாம் என்று நான் முடிவு செய்வதற்குள் அதன் முடிவையும் சொல்லிவிட்டீர்கள்.

(மருமகன் மனம் தளர்ந்து 1998-ஆம் ஆண்டுப் பகுதி ஒன்றுக்குத் தாவுகிறார். கண்டுபிடிப்பாளராக ஆசைப்படும் பார்ட்டின் அப்பா ஹோமர், கண்ணாடி அணிந்து கரும்பலகையில் ஏதோ எழுதுகிறார்.)

மாமனார்: நிறுத்துங்கள்! படத்தை அப்படியே நிறுத்துங்கள்! இரண்டாவது வரியைப் பாருங்கள். 3987-இன் 12-ஆம் அடுக்கையும் 4365-இன் 12-ஆம் அடுக்கையும் கூட்டினால் 4472-இன் 12-ஆம் அடுக்கு வரும் என்று எழுதியிருக்கிறான். (தொடையைத் தட்டிச் சிரிக்கிறார்.) படுபாவி! படுபாவி!

மருமகன்: ஒரு நிமிடம் பொறுங்கள், மாமா. (மாமனாரின் பழைய பத்து இலக்கக் கால்குலேட்டரை எடுத்துத் தட்டுகிறார்.) இடப்பக்கம் 6.397665635, பத்தின் 43-ஆம் அடுக்கு. வலப்பக்கமும் அதேதான். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?

மாமனார்: சரியாக இருக்கவே முடியாது, மாப்பிள்ளை! அடுக்கு இரண்டுக்கு மேல் போய்விட்டால் பூச்சியம் அல்லாத எந்த முழு எண்களுக்கும் இப்படி அமையாது என்று ஃபெர்மா என்ற கணித மேதை ஒரு புத்தகத்தின் ஓரத்தில் எழுதி வைத்துவிட்டுப் போனார். அதை நிரூபிக்க உலகமே முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் மண்டையை உடைத்துக்கொண்டது. கடைசியில் ஆண்ட்ரூ வைல்ஸ் என்ற கணிதவியலாளர் நிரூபித்து முடித்து 1995-இல் வெளியிட்டார். மூன்றே ஆண்டில் இந்த ஹோமர் வந்து அதை மறுத்து நிற்கிறான். 3987-இன் இலக்கங்களைக் கூட்டுங்கள்.

மருமகன்: 27.

மாமனார்: 4365?

மருமகன்: 18. இரண்டு எண்ணுமே மூன்றால் வகுபடும்.

மாமனார்: ஆகவே அவற்றின் அடுக்குகளும், அந்த அடுக்குகளின் கூட்டுத்தொகையும் மூன்றால் வகுபட்டே தீர வேண்டும். 4472-க்கு?

மருமகன்: 17. வகுபடாது. அப்படியானால் கால்குலேட்டர் பொய் சொல்கிறதா?

மாமனார்: பொய் இல்லை, பத்து இலக்கத்தோடு அது நின்றுவிடுகிறது. வித்தியாசமே பதினொன்றாவது இலக்கத்தில்தான் தொடங்கியாக வேண்டும். யாரோ விஷயம் தெரிந்தவன் உட்கார்ந்து தேடிப் பிடித்த எண்கள் இவை.

மருமகன்: எழுத்தாளர்களில் ஒருவரான டேவிட் கோஹன் கணினியில் ஒரு நிரலை எழுதித்தான் தேடினாராம், மாமா. (தயங்கி) இதில் சிரிக்க வேண்டிய இடம் எது?

மாமனார்: (கண்ணைத் துடைத்துக்கொண்டு) பதினொன்றாவது இலக்கம்! என்னோடு வேலை பார்த்த ஃபிசிக்ஸ் வாத்தியாருக்கு இப்போதே போன் போட வேண்டும்.

மருமகன்: மணி பதினொன்றரை ஆகிறது, மாமா. அவர் தூங்கியிருப்பார். எனக்கும் தூக்கம் வருகிறது, தொலைக்காட்சியை அணைத்துவிடட்டுமா?

மாமனார்: நீங்கள் போய்ப் படுங்கள், மாப்பிள்ளை. ரிமோட்டை மட்டும் இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். மூன்றாவது வரியை நான் இன்னும் பார்க்கவில்லை.