அமாவாசைக்கு நிலா ஏது?

(ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் சதாசிவம் வீட்டுச் சமையலறை. ஃப்ரிட்ஜ் கதவில் ஆஸ்பத்திரியில் கொடுத்த ஆஸ்துமா படத்தாள். மனைவி காமாட்சி அடுப்படியில்.)

காமாட்சி: ராத்திரி முழுக்க இருமினீர்களே, பழுப்பு இன்ஹேலரை எடுத்தீர்களா?

சதாசிவம்: நேற்று எப்படி எடுப்பது? அமாவாசை.

காமாட்சி: மருந்துக்குமா விரதம்?

சதாசிவம்: விரதம் இல்லை. தாளைப் பார். சூரியன் போட்டு இரண்டு இழுப்பு, நிலா போட்டு இரண்டு இழுப்பு. நேற்று நிலாவே வரவில்லையே!

காமாட்சி: அடக் கடவுளே! நிலா என்றால் ராத்திரி என்று அர்த்தம். அப்படியானால் அடைமழையில் சூரியன் தெரியாதபோது?

சதாசிவம்: (மெதுவாக) ஐப்பசியில் நாலு நாள் விட்டுப்போனது.

காமாட்சி: புரிந்ததா என்று நர்ஸ் கேட்டபோது பலமாகத் தலையாட்டினீர்களே!

சதாசிவம்: புரிந்ததா என்றுதான் கேட்டார். என்ன புரிந்தது என்று கேட்கவில்லையே.

காமாட்சி: பழுப்பு, மூச்சுக்குழாய் வீக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. இளைப்பு இல்லாத நாளிலும் எடுக்க வேண்டும். எடுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். திணறும்போது உடனே இழுக்க நீலம்.

சதாசிவம்: நீலம் ஸ்டெப்னி மாதிரி.

காமாட்சி: தினமும் ஸ்டெப்னியிலேயே வண்டி ஓடினால்?

சதாசிவம்: மெக்கானிக்கிடம் காட்ட வேண்டியதுதான்.

காமாட்சி: டாக்டரும் அதையேதான் சொன்னார். சரி, இந்த மூன்று நிறக் கட்டம்?

சதாசிவம்: முப்பது வருஷம் சிக்னல் பார்த்தவனிடமா கேட்கிறாய்? பச்சை, போகலாம். சிவப்பு, நிற்க வேண்டும். மஞ்சள் விழுந்தால், சிவப்பு வருவதற்குள் ஒரே மிதியாக மிதித்துத் தாண்டிவிட வேண்டும்.

காமாட்சி: அதனால்தான் போன வாரம் இளைப்போடு தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினீர்களா! மஞ்சள் என்றால் இருமல், இளைப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உட்கார்ந்து, டாக்டர் எழுதிய கணக்குப்படி நீலத்தை எடுக்க வேண்டும். பேச்சே வராமல் திணறினால் சிவப்பு. நீலத்தை இழுத்துக்கொண்டே 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

சதாசிவம்: எல்லாம் தப்பு என்று சொல்லாதே. பூனைப் படத்தைச் சரியாகப் புரிந்துகொண்டேன்.

காமாட்சி: என்னவென்று?

சதாசிவம்: பூனை மேல் குறுக்காகக் கோடு. பூனை குறுக்கே போகக்கூடாது! டாக்டரே சகுனம் பார்க்கிறார். அதனால்தான் பக்கத்து வீட்டுப் பூனை எங்கும் போகாதபடி மூன்று நாளாக மடியிலேயே பிடித்து வைத்திருக்கிறேன்.

காமாட்சி: ஐயோ! பூனை முடியும் பொடுகும் உங்கள் நெஞ்சுக்கு ஆகாது என்றுதான் அந்தக் கோடே! முதலில் அதை அனுப்புங்கள். இதோ, புகை வருகிற வாணலிக்கும் கோடு போட்டிருக்கிறது. தாளிக்கிற நெடியும் ஆகாதாம். இன்றைக்கு வத்தக்குழம்பு கிடையாது.

சதாசிவம்: (தாளை உற்றுப் பார்த்து) அது வாணலியா? எனக்கு ஹெல்மெட் மாதிரி தெரிகிறதே!